இணையதளங்களுக்கு ஒரு முத்திரை: பாதுகாப்புச் சான்றிதழை அறிதலும் ஆய்தலும்

ஐதராபாத் நகரின் வடமேற்கில் அமைந்துள்ள பாலாநகர், தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற பகுதியாகும். தேசியத் தொலையுணர்வு மையத்தின் தலைமையகமும் அங்கேதான் உள்ளது. 1970களில் தேசியத் தொலையுணர்வு முகமையாகத் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், 2008 செப்டம்பர் முதல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்களுள் ஒன்றாக இயங்கி வருகிறது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் தரவுகளிலிருந்து வெள்ளம் சூழ்ந்த பகுதிகள், காட்டுத் தீ, நிலப் பயன்பாடு முதலியவற்றைக் காட்டும் வரைபடங்கள் இங்கு உருவாகின்றன. 2009 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'புவன்' இணையதளத்தின் வாயிலாக அவற்றுள் பல, நாட்டின் எந்த மூலையிலிருந்தும் காணக் கிடைக்கின்றன.

மழைக்காலத்தில் ஒரு மாவட்ட அலுவலர் தம் கணினியில் வெள்ளப் படம் ஒன்றைத் திறக்கிறார் எனக் கொள்வோம். எந்தக் கிராமத்திற்குப் படகு அனுப்புவது, எந்தச் சாலையை மூடுவது என்ற முடிவுகள் அப்படத்தைப் பொறுத்தவை. திரையில் தோன்றும் படம் உண்மையில் பாலாநகரின் தளத்திலிருந்து வந்ததா? வரும் வழியில் யாரேனும் அதை மாற்றினரா? தளத்தின் பெயரைத் தாங்கிய போலி ஒன்றா? இக்கேள்விகளுக்கு விடையளிக்க ஏற்பட்டதே இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ். வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், தேர்வு விண்ணப்பம், நிலப்பதிவு ஆகிய அனைத்தும் இணையத்தின் வழி நடைபெறும் இந்நாளில், இச்சான்றிதழ் எதற்கு உறுதி கூறுகிறது, எதற்குக் கூறவில்லை என்பதை மாணவரும் அலுவலரும் தெளிவாக அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இரு திறவுகோல்கள்

இணையத்தில் ஒரு செய்தி பல கணினிகளைக் கடந்தே உரிய இடத்தை அடைகிறது. காப்பு ஏதுமின்றி அனுப்பப்படும் செய்தி அஞ்சலட்டையை ஒத்தது. வழியில் எவரும் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். இதைத் தடுக்க 1990களின் நடுவில் மறையாக்க முறை ஒன்று இணைய உலாவிகளில் சேர்க்கப்பட்டது. அதன் திருந்திய வடிவமே இன்று வழக்கில் உள்ளது. இணைய முகவரியின் தொடக்கத்தில் காணப்படும் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்ற எழுத்துகளில் இறுதியில் உள்ள 'எஸ்' இதனையே குறிக்கும்.

இம்முறையில் ஒவ்வொரு தளத்திற்கும் கணிதத் தொடர்புடைய இரு திறவுகோல்கள் உண்டு. ஒன்று பொதுத் திறவுகோல். அதை எவரும் அறியலாம். மற்றொன்று தனித் திறவுகோல்; அது தளத்தின் சர்வர் கணினியை விட்டு வெளியே செல்லலாகாது. தனித் திறவுகோலால் இடப்பட்ட கையொப்பத்தைப் பொதுத் திறவுகோலைக் கொண்டு சரிபார்க்கலாம். ஆனால் பொதுத் திறவுகோலை மட்டும் வைத்துக்கொண்டு அக்கையொப்பத்தை இட இயலாது. தளத்துடன் தொடர்பு கொள்ளும் உலாவி, இந்த ஏற்பாட்டின் துணையால் மறுமுனையில் இருப்பவரை உறுதிசெய்துகொண்டு, அந்த உரையாடலுக்கு மட்டும் உரிய இரகசியக் குறியீட்டை உருவாக்கிக் கொள்கிறது.

எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. 'இதுவே என் பொதுத் திறவுகோல்' என்று ஒரு கணினி கூறினால், அக்கூற்றை நம்புவது எவ்வாறு? இடையில் புகுந்த வஞ்சகனும் தன் திறவுகோலை நீட்டி அதையே கூறலாம் அல்லவா? எனவே, 'இந்தப் பொதுத் திறவுகோல் இந்த முகவரிக்கு உரியது' என்று மூன்றாம் தரப்பினர் ஒருவர் கையொப்பமிட்டுத் தரும் ஆவணம் தேவைப்படுகிறது. அதுவே சான்றிதழ். அதனை வழங்குவோர் சான்றளிப்பு அதிகாரிகள் எனப்படுவர்.

எடைக்கல்லும் முத்திரையும்

இந்த ஏற்பாட்டை விளங்கிக்கொள்ளக் கடைத்தெருவின் தராசே போதும். கடையில் உள்ள எடைக்கல்லில் எடையளவு ஆய்வாளரின் முத்திரை இருக்கும். ஆய்வாளர் தம்மிடமுள்ள தர எடையுடன் அதை ஒப்பிட்டே முத்திரை இடுகிறார். அவருடைய தர எடை அதனினும் உயர்ந்த தர எடையுடன் ஒப்பிடப்பட்டது. இவ்வாறு படிப்படியாகச் சென்றால், புதுதில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணிவரும் தேசியத் தர அலகில் முடியும். வாங்குபவர் தில்லிக்குச் செல்வதில்லை. முத்திரையை மட்டும் பார்க்கிறார்.

இணையதளச் சான்றிதழும் அவ்வாறே. தளத்தின் சான்றிதழில் இடைநிலை அதிகாரி ஒருவர் கையொப்பமிடுகிறார். அவருடைய சான்றிதழில் அவருக்கு மேற்பட்டவர் கையொப்பமிடுகிறார். இறுதியில் இருப்பது வேர்ச் சான்றிதழ். அதற்கு மேல் கையொப்பமிட எவருமில்லை. அது தனக்குத்தானே கையொப்பமிட்டுக் கொள்கிறது. ஆகவே வேர்ச் சான்றிதழ்களை நம்புவதா இல்லையா என்பதை உலாவியையோ கணினியின் இயக்க மென்பொருளையோ தயாரிக்கும் நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட வேர்ச் சான்றிதழ்கள் அடங்கிய பட்டியல் ஒன்று ஒவ்வொரு கணினியிலும் கைபேசியிலும் முன்னதாகவே இடம்பெற்றுள்ளது. சங்கிலி அப்பட்டியலில் உள்ள ஒரு வேரில் முடிந்தால் உலாவி தளத்தைத் திறக்கும். முடியாவிடில் எச்சரிக்கை காட்டும்.

முத்திரையைப் போலவே சான்றிதழுக்கும் காலவரம்பு உண்டு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும் என்பது சட்டம். இணையதளச் சான்றிதழும் குறித்த நாளில் காலாவதியாகும். முறைகேடு தெரியவந்தால் அதற்கு முன்னரே ரத்து செய்யப்படும்.

ஒப்புமையின் மற்றொரு பக்கமே மிக முக்கியமானது. எடைக்கல்லின் முத்திரை, எடை சரியானது என்று மட்டுமே கூறுகிறது. கடையில் விற்கும் அரிசி கலப்படமற்றது என்று அது கூறுவதில்லை. பாதுகாப்புச் சான்றிதழும், தொடர்பு கொண்ட கணினி இந்த முகவரிக்கு உரியது, இடைவழியில் செய்தி மாற்றப்படவில்லை என்று மட்டுமே உறுதி கூறுகிறது. அம்முகவரியை வைத்திருப்பவர் நேர்மையானவரா என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இந்தியாவின் ஏற்பாடு

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்னணுக் கையொப்பத்திற்குச் சட்ட ஏற்பு அளித்த இச்சட்டத்தின் கீழ், சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் என்ற பதவி ஏற்படுத்தப்பட்டது. சான்றளிக்க விரும்பும் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்குவதும் அவற்றைக் கண்காணிப்பதும் கட்டுப்பாட்டாளரின் பணியாகும். இந்தியாவின் வேர்ச் சான்றிதழும் அவர் பொறுப்பில் உள்ளது.

இத்துறையில் ஐதராபாத்திற்குத் தனியிடம் உண்டு. பாரத ரிசர்வ் வங்கி 1996-இல் அந்நகரில் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப மேம்பாடு மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், 2002-இல் சான்றளிப்பு உரிமம் பெற்றது. வங்கிகளுக்கிடையே நடைபெறும் மின்னணுப் பணப் பரிமாற்றச் செய்திகளில் கையொப்பமிடத் தேவையான சான்றிதழ்களை அது வழங்கி வந்துள்ளது.

2014 ஜூலையில் நிகழ்ந்தது

ஒரு சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியின் வலிமையே. இதனை இந்தியா 2014-இல் நேரில் கண்டது. அவ்வாண்டு ஜூலை 2 அன்று, தன் முகவரிகள் சிலவற்றுக்குத் தன் அனுமதியின்றிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் நிறுவனம் அறிந்தது. அவற்றில் இருந்தது தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவின் கையொப்பம். அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களுக்கு இந்தியக் கட்டுப்பாட்டாளரின் வேர் ஆதாரமாக இருந்தது. அந்த வேர் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்றிருந்தமையால், விண்டோஸ் கணினிகளில் இயங்கும் பெரும்பாலான மென்பொருள்கள் அச்சான்றிதழ்களை உண்மையென்றே ஏற்கும் நிலை இருந்தது.

மறுநாள், ஜூலை 3 அன்று, கட்டுப்பாட்டாளர் அந்த இடைநிலைச் சான்றிதழ்கள் அனைத்தையும் ரத்து செய்தார். சான்றிதழ் வழங்கும் நடைமுறைக்குள் அயலார் ஊடுருவியதாகவும், தவறாக வழங்கப்பட்டவை நான்கு என்றும் அவர் தெரிவித்தார். மூன்று கூகுளின் முகவரிகளுக்கும் ஒன்று யாஹூவின் முகவரிக்கும் உரியவை. ஆனால் அந்நான்கில் அடங்காத வேறு சான்றிதழ்களும் தன் பார்வைக்கு வந்துள்ளன என்று கூகுள் கூறியது. பரவலான முறைகேடு நிகழ்ந்ததற்கு அறிகுறி இல்லை என்பதையும் அது தெரிவித்தது. இதன் பின்னர் குரோம் உலாவி, இந்திய வேரின் கீழ் வழங்கப்படும் சான்றிதழ்களை கவ்.இன், நிக்.இன், ஏசி.இன் உள்ளிட்ட ஏழு முகவரிப் பிரிவுகளுக்கு மட்டுமே செல்லும் என வரையறுத்தது. ஃபயர்பாக்ஸ் உலாவி தனக்கென வைத்திருந்த பட்டியலில் இந்திய வேர் முதலிலிருந்தே இல்லாமையால், அதனைப் பயன்படுத்தியோர் பாதிக்கப்படவில்லை.

இத்தகைய நிகழ்ச்சி இந்தியாவில் மட்டுமே ஏற்பட்டதன்று. 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனத்திற்குள் ஊடுருவியவர்கள் ஐந்நூறுக்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினர். அவற்றைக் கொண்டு ஈரான் நாட்டு இணையப் பயனாளர்களின் தொடர்புகள் இடைமறிக்கப்பட்டன. உலாவிகள் அந்நிறுவனத்தை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்கின. அதே ஆண்டு செப்டம்பரில் அது நொடித்துப் போனது. நம்பிக்கையை விற்கும் நிறுவனத்திற்கு அந்நம்பிக்கையே மூலதனம். அது போனபின் எஞ்சுவது ஒன்றுமில்லை.

இன்று பரவலாகப் பயன்படும் உலாவிகள் எல்லாவற்றின் பட்டியலிலும் இந்திய வேர் இடம்பெறவில்லை. ஆகையால் அயல்நாட்டு நிறுவனங்களின் சான்றிதழ்களைச் சார்ந்திருக்கும் நிலை உள்ளது. மத்திய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்டில் இந்திய உலாவி ஒன்றை உருவாக்கும் போட்டியை அறிவித்தபோது, கட்டுப்பாட்டாளரின் வேர்ச் சான்றிதழை ஏற்கும் வசதியையும் நிபந்தனையாக வைத்தது. 2025 மார்ச்சில் வெளியான முடிவில் சென்னையைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனம் முதற்பரிசு பெற்றது.

திறந்த பதிவேடும் குறுகும் காலவரம்பும்

மேற்கண்ட நிகழ்ச்சிகளிலிருந்து இரு சீர்திருத்தங்கள் பிறந்தன எனலாம். முதலாவது, திறந்த பதிவேடு. வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் பதியப்பட வேண்டும் என்ற முறை 2013-இல் வகுக்கப்பட்டது. 2018 ஏப்ரல் 30-க்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ்களுக்குக் குரோம் உலாவி இதனைக் கட்டாயமாக்கியது. தம் முகவரிக்கு வேறெவரேனும் சான்றிதழ் பெற்றுள்ளனரா என்பதை ஒரு பல்கலைக்கழகமோ மாவட்ட நிர்வாகமோ இப்பதிவேடுகளில் தேடி அறியலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்ப்பதைப் போன்றது இது.

இரண்டாவது, காலவரம்பைக் குறைத்தல். திருடப்பட்ட சான்றிதழ் நீண்ட நாள் செல்லுபடியாவது தீங்கு. ஆதலால் 2020 செப்டம்பர் முதல் புதிய சான்றிதழ்களின் அதிகபட்சக் காலம் 398 நாட்களாகக் குறைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் சான்றளிப்போரும் உலாவித் தயாரிப்பாளரும் கூடிய மன்றம் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுபவற்றுக்கு 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் என்று இவ்வரம்பு படிப்படியாகக் குறைகிறது.

பூட்டுக் குறி பற்றிய தவறான எண்ணம்

முகவரிக்கு அருகில் பூட்டுக் குறி இருந்தால் தளம் நம்பத்தக்கது என்ற அறிவுரை நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்தது. அது இன்று ஆபத்தான அறிவுரையாகும். சான்றிதழ்களில் பல வகை உண்டு. சில வகைகளில் நிறுவனத்தின் பதிவு ஆவணங்களும் ஆராயப்படும். ஆனால் பெருவழக்கில் உள்ள வகையில், விண்ணப்பிப்பவர் அந்த முகவரியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துள்ளாரா என்பது மட்டுமே தானியங்கி முறையில் சோதிக்கப்படும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 இறுதியிலிருந்து இத்தகைய சான்றிதழ்களைக் கட்டணமின்றி வழங்கி வருகிறது. சிற்றூர்ப் பள்ளியின் தளமும் மறையாக்கம் பெற இது வழிவகுத்தது. அதே வேளையில், மோசடிக்காரரும் தாம் வாங்கிய முகவரிக்குச் சில நிமிடங்களில் முறையான சான்றிதழைப் பெற்றுவிடலாம். அவர் தளத்திலும் பூட்டு இருக்கும். தொடர்பும் மறையாக்கம் பெற்றிருக்கும். ஆனால் கடவுச்சொல் பத்திரமாகச் சென்று சேர்வது கள்வனின் கையில். 2023 செப்டம்பரில் குரோம் உலாவி பூட்டுப் படத்தை நீக்கி வேறு குறியை இட்டதற்கும் இத்தவறான எண்ணமே காரணம்.

எனவே சான்றிதழை ஆய்வதற்கு முன் முகவரியைப் படித்தறிய வேண்டும். இதனை உணர்ந்தே ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகளுக்கென 'பேங்க்.இன்' என முடியும் தனி முகவரியை 2025 பிப்ரவரியில் அறிவித்தது. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் தம் தளங்களை அதற்கு மாற்றவேண்டும் எனவும் பணித்தது. அம்முகவரியைப் பதிவு செய்யும் தனியுரிமை ஐதராபாத்தின் வங்கித் தொழில்நுட்ப நிறுவனத்திற்கே அளிக்கப்பட்டது. வங்கியல்லாத எவரும் அம்முகவரியைப் பெற இயலாது. 'கவ்.இன்' என்ற முடிவும் அவ்வாறே அரசு அமைப்புகளுக்கு மட்டும் உரியது. சான்றிதழ் முகவரிக்கு உறுதி கூறுகிறது. முகவரியின் முடிவு அதனை வைத்திருப்பவரின் தகுதிக்கு உறுதி கூறுகிறது. இரண்டும் சேரும்போதே நம்பிக்கை நிறைவு பெறும்.

சரிபார்க்கும் முறை

முதலில், முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'கவ்', 'இன்' என்ற எழுத்துகள் நடுவில் சிறு கோட்டால் இணைக்கப்பட்டு, முடிவில் 'காம்' என்று இருந்தால் அது அரசின் தளம் அன்று.

இரண்டாவதாக, முகவரிக்கு இடப்புறம் உள்ள குறியை அழுத்தி, தொடர்பு பற்றிய விவரத்தையும் அதனுள் சான்றிதழையும் திறக்க வேண்டும். அங்கே யாருக்கு வழங்கப்பட்டது, யார் வழங்கினார், எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லும் என்ற மூன்று செய்திகள் காணப்படும். முகவரியும் சான்றிதழில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்பதை நோக்க வேண்டும். அலுவலகக் கணினிகளில் வழங்கியவர் பெயராக அலுவலகத்தின் பாதுகாப்புச் சாதனத்தின் பெயரோ, நச்சுநிரல் தடுப்பு மென்பொருளின் பெயரோ காணப்படலாம். அவ்வாறாயின் தொடர்பு இடையில் திறந்து பரிசோதிக்கப்படுகிறது என்பது பொருள். அதற்கு அலுவலகத்தின் அனுமதி உண்டா என்பதைக் கணினிப் பிரிவில் கேட்டறியலாம்.

மூன்றாவதாக, எச்சரிக்கை தோன்றினால் அதன் காரணத்தைப் படிக்க வேண்டும். காலாவதி எனில், முதலில் தம் கணினியின் தேதி சரியாக உள்ளதா எனப் பார்த்தல் நலம். கடிகாரம் தவறினால் செல்லுபடியாகும் சான்றிதழும் காலாவதியாகத் தோன்றும். பெயர் பொருந்தவில்லை எனில், வேறொரு தளத்தின் சான்றிதழ் வந்துள்ளது. வழங்கியவர் அறியப்படாதவர் எனில், சங்கிலி நம்பிக்கைப் பட்டியலில் முடியவில்லை. ரயில் நிலையம், விடுதி முதலிய பொது இடங்களின் இணைப்பில் இவ்விரு எச்சரிக்கைகளும் தோன்றினால் இடைமறிப்புக்கு வாய்ப்புண்டு. காரணம் விளங்காத நிலையில் கடவுச்சொல்லையோ வங்கி விவரத்தையோ இடாமல் விலகுவதே முறை.

அலுவலகங்களின் கடமை

பொதுமக்களின் விழிப்பு மட்டும் போதாது. ஓர் அரசுத் தளத்தின் சான்றிதழ் காலாவதியானால், அதை நாடி வரும் ஆயிரக்கணக்கானோர் எச்சரிக்கையைக் காண்கின்றனர். 'பரவாயில்லை, மேலே செல்லுங்கள்' என்று அலுவலகமே அவர்களிடம் கூறினால், எச்சரிக்கையைப் புறக்கணிக்கும் பழக்கத்தை அரசே கற்பிப்பதாகும். பின்னொரு நாள் உண்மையான மோசடியின் முன் அதே எச்சரிக்கை தோன்றும்போது, அவர்கள் அதனையும் கடந்து செல்வர்.

ஆகவே ஒவ்வோர் அலுவலகமும் தன் பெயரில் உள்ள முகவரிகளையும் அவற்றின் சான்றிதழ்கள் முடியும் நாட்களையும் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தல் வேண்டும். புதுப்பித்தலுக்குப் பொறுப்பான அலுவலரின் பதவி அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். மாறுதலில் செல்பவர் ஒப்படைக்கும் பொருள்களில் இதுவும் ஒன்றாக வேண்டும். காலவரம்பு 47 நாட்களாகக் குறையும்போது கையால் புதுப்பிப்பது நடைமுறையில் இயலாததாகும்; தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை இப்போதே செய்துகொள்வது நன்று. தனித் திறவுகோலை மின்னஞ்சலில் அனுப்புவதும், பல கணினிகளில் படியெடுத்து வைப்பதும் தவிர்க்கத்தக்கன. தம் முகவரியின் பெயரில் புதிதாக வழங்கப்படும் சான்றிதழ்களைத் திறந்த பதிவேடுகளில் மாதம் ஒருமுறையேனும் பார்த்தல், அயலார் பெற்ற சான்றிதழை விரைவில் கண்டுபிடிக்க உதவும்.

கடைத்தெருவில் முத்திரையிட்ட எடைக்கல் நிலைபெற்றதற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. முத்திரையைக் கேட்டுப் பார்க்கும் வாடிக்கையாளரும், உரிய நாளில் மறுமுத்திரை பெறும் வணிகரும், கையூட்டுக்கு இணங்காத ஆய்வாளரும் சேர்ந்தே அதனை நிலைநிறுத்தினர். இணையதளச் சான்றிதழுக்கும் அம்மூவர் வேண்டும். 2014-இல் தவறிய கண்ணி, சான்றளிப்பவரின் கண்ணியாக இருந்தது. நாளை தவறக்கூடியது, புதுப்பிக்க மறந்த அலுவலகத்தின் கண்ணியாகவோ, முகவரியைப் படிக்காமல் கடவுச்சொல்லை இடும் பயனாளரின் கண்ணியாகவோ இருக்கலாம். பின்னவை இரண்டும், புதிய தொழில்நுட்பமோ பெருஞ்செலவோ இன்றி, இன்றே சரிசெய்யத்தக்கவை.